கூடத்தில் ஒரு குருத்து

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற வழியில் நிற்கும் பனைகளை யாரும் பார்த்துக்கொள்வதில்லை. யாரோ சூப்பி எறிந்த கொட்டை வரப்பில் முளைத்து, ஆடு கடித்த வடலியாகப் பல வருஷம் கிடந்து, பிறகு ஒருநாள் பார்த்தால் ஆள் உயரம் தாண்டியிருக்கும். அதே வழியில் உள்ள வீடுகளுக்குள் போனால், டி.வி. மேசைக்கும் சோபாவுக்கும் நடுவே வெள்ளைத் தொட்டியில் இன்னொரு பனை நிற்கும். அதற்குத் தினமும் தண்ணீர் உண்டு, மாதம் ஒருமுறை உரம் உண்டு, விருந்தாளி வருகிறார் என்றால் இலை துடைப்பும் உண்டு. இத்தனை இருந்தும் ஓலைகள் நுனியில் காபிப்பொடி நிறத்துக்குக் கருகும். அடி ஓலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளிக்கும். இரண்டாவது கோடை முடிவதற்குள் காலித் தொட்டி மொட்டை மாடிக்குப் போய்விடும். என் வீட்டுத் தொட்டியும் ஒருமுறை அப்படிப் போனதுதான்.

பாலக்காட்டின் கிழக்கு விளிம்பில் தமிழ் பேசும் ஊர்களும் இடுக்கியின் மலைமேல் தமிழ் பேசும் தேயிலைத் தோட்டங்களும் ஒரே மாநில எல்லையின் இரண்டு துண்டுகள். இரண்டு மாவட்டங்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவே ஆனைமலைத் தொடர் கிடக்கிறது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கடல் மட்டத்திலிருந்து சில நூறடி உயரம்தான். மூணாறு சுமார் 1500 மீட்டர். 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் வெயில் 41 டிகிரியைத் தாண்டி, வானிலைத் துறை வெப்ப அலை அறிவித்தது. மூணாற்றைச் சுற்றிய தோட்டங்களில் சில ஜனவரி விடியற்காலைகளில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டென்றால் அது காற்று. பாலக்காட்டில் கஞ்சிக்கோடு, இடுக்கியில் ராமக்கல்மேடு என்று இரண்டு மாவட்டத்திலும் காற்றாலை சுற்றுகிற இடம் இருக்கிறது.

இந்த இரண்டு பக்கத்துக்கும் தொட்டிப் பனைகளில் நிறைய வருவது திருச்சூரை அடுத்த மண்ணுத்தியின் நாற்றுப் பண்ணைகளிலிருந்து. அதே வண்டி, அதே கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி, அதே யோசனை: நிழலில் வையுங்கள், ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த யோசனை கீழே ஒரு விதமாகவும் மலைமேல் வேறு விதமாகவும் பொய்க்கிறது. எந்தப் பனை நல்லது என்று கேட்பதற்கு முன்னால் எந்த வீடு, எந்தத் தண்ணீர் என்று கேட்க வேண்டும். தொட்டிப் பனை பற்றிப் படித்ததையும் பட்டதையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தேறுவது இதுதான்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். நாற்றுப் பண்ணையில் 'அரேக்கா பாம்' என்று விற்பது நம் பாக்கு மரம் இல்லை. மலையாளத்தில் பாக்குக்கு அடைக்கா. தமிழிலும் அடைக்காய் என்ற சொல் உண்டு. அந்த அடைக்காவைப் போர்த்துகீசியர் தங்கள் வாய்க்கு ஏற்ப 'அரேக்கா' ஆக்க, அது லத்தீன் தாவரப் பெயருக்குள் ஏறி, பிறகு மடகாஸ்கரைச் சேர்ந்த ஒரு மஞ்சள் தண்டுப் பனைமேல் கடைப்பெயராக ஒட்டி, இப்போது மண்ணுத்திக்கே திரும்பி வந்திருக்கிறது. ஊர் சுற்றிவிட்டு வந்த சொல் வேறொரு மரத்தோடு வந்திருக்கிறது.

'ஈந்து' இன்னும் மோசம். தமிழில் ஈந்து என்றால் ஈச்சை, பேரீச்சையின் உறவு. எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் ஈந்து என்றால் சைக்கஸ். அது பனையே இல்லை. பூக்காமல் கூம்பு விடும் பழைய இனம்; பனையைவிடப் பைன் மரத்துக்குத்தான் பக்கம். பார்வைக்குப் பனைபோல் இருப்பதால் நாற்றுப் பண்ணைகளில் அலங்காரச் சைக்கஸும் பனை வரிசையிலேயே உட்கார்ந்திருக்கும். இந்தக் குழப்பம் புதிதும் இல்லை. 1678-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவரத் தொடங்கிய 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்' நூலின் முதல் தொகுதி தென்னையில் ஆரம்பித்து, கமுகு, கரிம்பனை, ஆம்பனை, சூண்டப்பனை என்று போகிறது. மூன்றாம் தொகுதியில் குடப்பனைக்கு அருகில் சைக்கஸும் 'தொட்டப்பனை' என்ற பெயரில் பனையாகவே நிற்கிறது. வாங்குகிறவருக்கு இதில் ஒரு நடைமுறை விஷயம் இருக்கிறது: சைக்கஸின் விதையும் இலையும் நஞ்சு. வீட்டில் நாய் இருந்தால், தவழும் குழந்தை இருந்தால், அது கூடத்துக்குள் வரக்கூடாது. உண்மையான பனைகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் தொல்லை இல்லை. விலக்கு ஒன்று, மீன்வால் போல இலை கிழிந்த சூண்டப்பனை வகை. அதன் பழச்சாறு பட்டால் தோல் அரித்துப் பிடுங்கும்.

இனி மரத்தின் உடம்பு. மாமரத்தின் நுனியைக் கிள்ளினால் பக்கத்தில் நாலு கிளை விடும். பனைக்கு ஒரு தண்டுக்கு ஒரே குருத்து. அது போனால் அந்தத் தண்டு போயிற்று. மட்டைகளின் அடிக்குள் பொதிந்த அந்த ஒரு முனையிலிருந்துதான் இனி வரவேண்டிய ஓலைகள் எல்லாம் வர வேண்டும். கொழுந்து வளைந்திருக்கிறதே என்று நிமிர்த்தப் போனவர்களும், ஓலை விரியவில்லையே என்று விரலால் பிரித்துவிட்டவர்களும் செடியைக் கொன்றிருக்கிறார்கள். தண்டு மற்ற மரங்களைப் போல ஆண்டுக்கு ஒரு வளையமாகப் பருப்பதும் இல்லை. வேர்கள் எல்லாம் தண்டின் அடியிலிருந்து கிளம்பும் கயிறுகள். ஆணிவேர் என்று ஒன்று கிடையாது. அரேக்கா, லேடி பாம் போன்றவை புதராகப் பக்கக் கன்று விடும் என்பதால் ஒரு தண்டு போனாலும் தொட்டி பிழைக்கும். ஒற்றைத் தண்டுப் பனைகளுக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு இல்லை.

பாலக்காட்டுக்காரர்களுக்கு ஓர் ஆசை வரும்: நம்ம கரிம்பனையையே தொட்டியில் வைத்தால் என்ன? ஓ.வி. விஜயனின் 'கசாக்கின் இதிகாசம்' 1969-இல் வந்த பிறகு கரிம்பனையும் அதில் அடிக்கும் காற்றும் பாலக்காட்டின் முகமாகவே ஆகிவிட்டன. யூமா வாசுகியின் மொழிபெயர்ப்பில் தமிழ் வாசகருக்கும் அந்தக் காற்று அடித்திருக்கிறது. ஆனால் தொட்டிக்கு ஆகாத பனை என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். காரணம் நாம் கார்த்திகையில், பொங்கலில் அவித்துத் தின்கிற பனங்கிழங்கு. பனங்கொட்டை முளைத்ததும் மேலே வருவதில்லை. முதலில் ஒரு குழாயை மண்ணுக்குள் இறக்கி, கன்றை ஆழத்தில் கொண்டுபோய் வைக்கிறது. கிழங்கு பறிக்கக் கடப்பாரை வேண்டியிருக்கிறதல்லவா, அந்த ஆழம். ஓர் அடித் தொட்டியில் அந்தக் குழாய் அடியில் முட்டிச் சுருண்டு நின்றுவிடும்.

அப்படியானால் வீட்டுக்குள் வந்தவை எவை? பெருங்காட்டின் அடித்தட்டில், பெரிய மரங்களின் நிழலில் பிறந்து பழகியவை. மெக்சிகோ, குவாதமாலா காடுகளின் சிறு பனை ஒன்று நம்மூரில் 'டேபிள் பாம்'. தென் சீனப் பக்கத்துப் புதர்ப் பனைதான் லேடி பாம். அதன் தாவரப் பெயரைக் கடைக்காரர் 'ரேபிஸ்' என்று உச்சரிக்கும்போது வாங்க வந்தவர் இரண்டடி பின்னே போவதைப் பார்த்திருக்கிறேன். லேடி பாம் என்றே சொல்லிவிடலாம். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே லார்ட் ஹோவ் என்ற குட்டித் தீவிலிருந்து வந்தது கென்டியா. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்துக்காரர்களின் நிலக்கரிப் புகை படிந்த கூடங்களில் மற்றச் செடிகள் வாடியபோது கென்டியா தாக்குப்பிடித்தது. வீட்டுப் பனை என்கிற மோகம் உலகத்துக்குப் பரவியது அங்கிருந்து.

அதற்குச் சற்று முன்பே லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு, மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செடிகள் மாதக்கணக்கில் வாழும் என்று கண்டு, 1842-இல் ஒரு நூல் எழுதினார். அந்தப் பெட்டிகளில் அடைத்துத்தான் ராபர்ட் ஃபார்ச்சூன் சீனத்திலிருந்து தேயிலைக் கன்றுகளை இமயமலைத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தார். குளிர் தாங்குகிற சீனக் காற்றாடிப் பனை ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தேவிகுளத்துத் தேயிலைச் சரிவில் அந்தப் பனையை வைத்தால் இரண்டு பழைய பயணிகள் மறுபடி சந்தித்த மாதிரி இருக்கும்.

ஆக, வீட்டுப் பனைக்கான அறிவுரைகள் எழுதப்பட்டது குளிர்நாட்டு வீட்டுக்கு. குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டு உள்ளே காற்று காய்ந்துபோகும் வீடு; அதனால் இலைக்குத் தண்ணீர் தெளி. வெயிலே குறைவு, அதனால் தெற்கு ஜன்னலில் வை. குழாய்த் தண்ணீர் சுத்திகரித்து வருவது. அதனால் தண்ணீரைப் பற்றிப் பேச்சே இல்லை. இதை அப்படியே பெயர்த்துத் தமிழில் போடுகிறார்கள். மூணாற்றில் சாரல் மாதத்தில் ஓலைக்குத் தண்ணீர் தெளித்தால் வருவது இலைப்புள்ளிப் பூஞ்சணம். கொழிஞ்சாம்பாறையில் தெற்கு ஜன்னல் ஓரத்தில் வைத்தால் ஓலை அப்பளம்.

வெளிச்சத்தில் இருந்து தொடங்குகிறேன். கல்பாத்தி அக்ரகாரத்துப் பழைய வீட்டிலோ, நாலுகெட்டிலோ, நடுவில் முற்றம் இருக்கும். வானத்திலிருந்து வெளிச்சமும் மழையும் வீட்டின் வயிற்றுக்குள்ளேயே இறங்கும். தாழ்வாரத்தில் ஒரு தொட்டிப் பனை வைக்க அதைவிட நல்ல இடம் யாரும் கட்டவில்லை. இப்போதைய கான்கிரீட் வீட்டில் வெயிலுக்குப் பயந்து கறுப்புக் கண்ணாடி, அதன்மேல் திரை. வெளியே நடுப்பகல் வெளிச்சம் சுமார் 1,00,000 லக்ஸ் என்றால், சோபா மூலையில் அது 100, 200-க்கு வந்துவிடும். நம் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. கண் தன்னைச் சரிசெய்துகொள்ளும் உறுப்பு. பனைக்கு அந்த வசதி இல்லை. சோதிக்க எளிய வழி: பகல் பதினொரு மணிக்குத் தொட்டி வைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாள்மேல் கையை நீட்டுங்கள். நிழல் ஓரம் கத்தரித்த மாதிரி விழுந்தால் டேபிள் பாமுக்கு அது அதிகம், அரேக்காவுக்கு ஆகும். நிழல் மங்கலாக விழுந்தால் லேடி பாம், கென்டியா, டேபிள் பாம் எல்லாம் இருக்கும். நிழலே விழவில்லையா, பிளாஸ்டிக் பனை வாங்கிக்கொள்ளலாம், கேவலம் ஒன்றும் இல்லை.

வாங்கிவந்த முதல் இரண்டு மூன்று மாதம்தான் கண்டம். பண்ணையில் நல்ல வெளிச்சத்தில், சிலசமயம் திறந்த வெயிலிலேயே, சீக்கிரம் வளர்த்த செடி அது. வெயிலுக்கென்று கட்டிய ஓலை. தடிமனும் உள்ளமைப்பும் வேறு. திடீரென்று நம் கூடத்து இருட்டில் அது சம்பாதிப்பதைவிடச் செலவழிப்பது அதிகமாகிறது. அதனால் பழைய ஓலைகளைக் கைவிடுகிறது. இதைப் பார்த்துப் பதறித் தண்ணீரைக் கூட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஓலை குறைந்த செடி குறைவாகத்தான் குடிக்கும். மீதித் தண்ணீர் வேரை அழுக வைக்கும். வாங்கியதும் வெளித் திண்ணையில் ஒரு மாதம், பிறகு ஜன்னலோரம், பிறகு உள்ளே என்று படிப்படியாக நகர்த்தினால் பாதி உயிர்ச்சேதம் இல்லாமல் போகும்.

இப்போது தண்ணீர். எங்கள் பக்கத்துக் கதை முழுக்க இதில்தான் இருக்கிறது. கேரளத்தின் சராசரி மழை ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டர் அளவில். சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்துக்கு அதில் பாதிகூடத் தேறாது. கேரளத்தில் கரிசல் மண் கிடக்கிற இடமும் இதுதான். ஆழியாற்றுத் தண்ணீர் எத்தனை டி.எம்.சி. என்று இரண்டு மாநிலமும் வருஷா வருஷம் கணக்குப் பார்ப்பது, 2002-இல் பிளாச்சிமடையில் ஆதிவாசிகள் நிலத்தடி நீருக்காகப் பந்தல் போட்டு உட்கார்ந்தது எல்லாம் இந்தத் தாலுகாவில்தான். ஆழ்துளைக் கிணறுகள் ஆழம் போகப் போகக் கடினமான நீர் வருகிறது. இந்த ஊராட்சிகள் பலவற்றில் ஃப்ளூரைடும் சேர்ந்து வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் ஃப்ளூரைடு இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. மனிதருக்கு விட்டுக்கொடுத்த அந்த அளவே சில செடிகளுக்கு அதிகம். அரேக்காவும் டேபிள் பாமும் அந்தப் பட்டியலில் இருப்பவை. வேர் உறிஞ்சிய நீர் ஓலைநுனி வரை ஏறி ஆவியாகிறது, ஃப்ளூரைடு ஆவியாவதில்லை. நுனியிலேயே தங்கித் தங்கி, ஒருநாள் அந்த இடத்தைச் சாகடிக்கிறது. காபிப்பொடி நிறம் அதுதான்.

என் அரேக்காவுக்கு நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். பொள்ளாச்சி சாலையோரத்து நாற்றுக்காரர் விற்கும்போது, "தெனமும் ஒரு சொம்பு ஊத்துனாப் போதுமுங்க, ஒண்ணும் ஆவாதுங்க" என்றார். வீட்டில் ஆர்.ஓ. எந்திரம் இருந்தது. ஒரு லிட்டர் குடிநீர் எடுத்தால் இரண்டு மூன்று லிட்டர் கழிவாகக் குழாய் வழியே போகும். வீணாகிறதே என்று வாளியில் பிடித்து, அந்த ஒரு சொம்பை அதிலிருந்தே ஊற்றிவந்தேன். சிக்கனக்காரன் என்று எனக்கே என்மேல் மரியாதை. எந்திரம் நம் குடிநீரிலிருந்து எடுத்த உப்பும் ஃப்ளூரைடும் எங்கே போகும்? அந்த வாளிக்குத்தான். போர் தண்ணீரைவிடச் செறிந்த நீரை, அடியில் தட்டு வைத்த தொட்டிக்குள், எட்டு மாதம் சேமித்துவைத்திருக்கிறேன். மண்மேலே வெள்ளைப் பொருக்கு கட்டியபோது அதை ஏதோ பூஞ்சை என்று நினைத்தேன். நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

இப்பகுதிக்கான மருந்து மழைநீர். மாடித் தண்ணீரை ஒரு நீல ட்ரம்மில் பிடித்து மூடிவைத்தால் நாலைந்து தொட்டிக்கு அது பெரிய கையிருப்பு. மூடாவிட்டால் கொசு. தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டும் அதே கதைதான். டெங்குக் காலத்தில் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்தால் முதலில் தூக்கிப் பார்ப்பது அந்தத் தட்டை. ஏற்கெனவே உப்பேறிய தொட்டி என்றால், தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி அடித்துளை வழியே வெளியேற்ற வேண்டும். உரத்திலும் கவனம் தேவை. சூப்பர் பாஸ்பேட்டிலும் ஃப்ளூரைடு உண்டு. மண் புளிப்பேறினால் ஃப்ளூரைடு அதிகம் கரையும் என்பதால், கொஞ்சம் டாலமைட் கலந்து காரகாடித்தன்மையை (pH) 6-க்கும் 6.5-க்கும் இடையில் நிறுத்துவது உதவும்.

மலைமேல் இந்தப் புலம்பலெல்லாம் இல்லை. தேவிகுளம் பக்கத்து லயத்தில் என் சித்தி ஒரு பெயின்ட் வாளியில் லேடி பாம் வைத்திருக்கிறார்கள். அடியில் ஆணியைக் காய்ச்சிக் குத்திய ஏழு ஓட்டை. "ஆனி ஆடியில நான் இதுக்குத் தண்ணியே காட்டுறதில்லப்பா. செவுரே ஓதங் காத்துக் கெடக்கு, இதுக்கு வேற ஊத்தணுமா?" என்பார்கள். தென்மேற்குப் பருவம் பிடித்தால் அங்கே வாரக்கணக்கில் வெயில் தெரியாது; குளிரில் வேர் தூங்கும். நாற்றுப் பண்ணையின் 'ஈரம் காயாமல்' அங்கே நேராக வேரழுகலிலும் குருத்தழுகலிலும் கொண்டுவிடும். தினசரிக் கணக்கை விட்டுவிட்டுத் தொட்டியைத் தூக்கிப் பார்ப்பதே சரியான அளவுகோல். தண்ணீர் ஊற்றிய அன்று உள்ள கனம் கைக்குப் பழகிவிட்டால், எப்போது ஊற்றலாம் என்பதைக் கையே சொல்லும். தூக்க முடியாத பெரிய தொட்டியா, விரலை இரண்டு கணு விட்டுப் பார்க்க வேண்டியதுதான். இடுக்கி என்றாலே மழை என்றும் முடிவு கட்டக்கூடாது: மூணாற்றிலிருந்து 40 கிலோமீட்டர் இறங்கினால் மறையூர், அதற்கப்பால் சின்னாறு, ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் அளவே மழை பெறும் மழைமறைவுக் காடு. மறையூர்க்காரர் மூணாற்று உறவினரைக் கேட்டுப் பனை வளர்க்கக்கூடாது.

மண் விஷயம் சுருக்கமாக முடியும். கரிசலைத் தொட்டிக்குள் போடாதீர்கள். நனைந்தால் களி, காய்ந்தால் பாறை. செம்மண், ஆற்றுமணல் அல்லது பொடிக்கல், மக்கிய தொழுஉரம், தென்னை நார்க்கழிவு என்று கலந்தால் போதும். நார்க்கழிவுக்குப் பொள்ளாச்சி பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் கழுவாத நார்க்கழிவில் உப்பு இருக்கும். கட்டியை வாளியில் ஊறவைத்து, பழுப்புத் தண்ணீரை இரண்டு மூன்று முறை கொட்டிவிட்டுப் பயன்படுத்த வேண்டும். தொட்டி மாற்றும்போது வேர்க்கட்டை உதறாமல், அப்படியே ஒரு சுற்றுப் பெரிய தொட்டிக்கு மாற்றலாம். தண்டின் அடி முன்பு இருந்த மட்டத்துக்குமேல் புதையக்கூடாது. வேர் தொட்டியை நிறைத்துச் சுற்றிய பிறகு மாற்றினால் போதும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை என்பது நடைமுறைக் கணக்கு. இன்னொன்று: டேபிள் பாம் தொட்டியில் நீங்கள் பார்ப்பது ஒரு செடி இல்லை. பத்துப் பதினைந்து நாற்றுகளை நெருக்கிவைத்த கூட்டம். அதில் நாலு காய்வது நெருக்கத்தால். நோய் என்று பயப்பட வேண்டியதில்லை.

பசியை ஓலையில் படிக்கலாம். அடி ஓலையில் ஆரஞ்சுப் புள்ளிகளும் நுனிக் கருகலும் சேர்ந்தால் பொட்டாசியம் போதவில்லை. அடி ஓலையின் ஓரம் மஞ்சள், நடு பச்சை என்றால் மெக்னீசியம். புதுக் கொழுந்தே வெளுத்து வந்தால் இரும்புச் சத்து. சுருங்கிக் கருகி வந்தால் மாங்கனீசு. கேரளத்துத் தென்னை விவசாயிகள் மரத்துக்கு ஆண்டுக்கு அரைக் கிலோ மெக்னீசியம் சல்பேட் வைப்பதைக் கேட்டிருப்பீர்கள். மழை அடித்துப்போகும் மண்ணில் அது தேவை. தொட்டிக்கு லிட்டருக்கு இரண்டு கிராம், மாதம் ஒருமுறை கரைத்து ஊற்றினாலே மிகுதி. மஞ்சளித்த ஓலையை அழகுக்காக உடனே வெட்டுவதும் தவறு. பொட்டாசியம் பற்றாத பனை, பழைய ஓலையில் இருப்பதைப் பிரித்தெடுத்துப் புதிய ஓலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். பாதிச் சாப்பாட்டில் இலையை இழுத்தால் அது அடுத்த ஓலையைத் தின்னத் தொடங்கும். முழுக்கக் காய்ந்த பிறகு வெட்டுங்கள். வெறும் நுனி கருகலுக்குக் கத்தரிக்கோல் போதும். பச்சைக்குள் போகாமல், ஒரு நூல் பழுப்பை விட்டு வெட்டினால் புதிதாகக் கருகாது.

பூச்சியைப் பொறுத்தவரை கீழ்நாட்டில் சிலந்திப்பேன். மார்கழி, தை, மாசியில் கணவாய் வழியாக அடிக்கும் காய்ந்த கிழக்குக் காற்றில் ஓலையின் அடிப்பக்கம் மெல்லிய நூலாம்படை கட்டும், மேற்பக்கம் தூசி படிந்தது போல வெளிறும். குளியலறைக்குக் கொண்டுபோய் ஓலையைத் திருப்பிப் பிடித்து நன்றாக அலசினாலே முக்கால்வாசி போய்விடும். மாவுப்பூச்சிக்கும் செதில் பூச்சிக்கும் சோப்புக் கரைசலோ வேப்பெண்ணெயோ போதும். இலை பளபளக்கத் தேங்காயெண்ணெய் தேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அது இலையின் மூச்சை அடைக்கும், தூசியையும் கூட்டும்.

எந்த வீட்டுக்கு எந்தப் பனை? கீழ்நாட்டில் நல்ல தண்ணீர் இருந்தால் அரேக்காவை ஜன்னலோரத்தில் வைக்கலாம்; 10 டிகிரிக்குக் கீழே போகாத ஊர் என்பதால் குளிர்ப் பயம் இல்லை. நல்ல தண்ணீர் இல்லையென்றால் லேடி பாமை நம்பலாம். அதற்கும் நுனி கருகும், ஆனால் அரேக்கா அளவுக்கு அழாது. மூணாறு, தேவிகுளத்தில் அரேக்கா வாங்குவது காசைக் குளிரில் போடுவது. லேடி பாம், கென்டியா, டேபிள் பாம் மூன்றும் அங்கே நிம்மதியாக இருக்கும். குமுளி, வண்டிப்பெரியாறு போன்ற நடு உயரத்தில் இரண்டு பட்டியலிலிருந்தும் எடுக்கலாம். சூண்டப்பனைக் கன்றை மட்டும் தோட்டத்து வாசலில் வைப்பதற்குமுன் யோசியுங்கள். கோயில் யானைகளுக்குக் கேரளமெங்கும் வெட்டிப் போடுகிற பனம்பட்டை அந்த மரத்தினுடையது. தேயிலைக்காட்டில் இரவு உலவுகிறவர்களுக்கும் அது தெரியும்.

வீட்டுப் பனைக்கு இப்போது இருக்கும் பெரிய விளம்பரம், அது காற்றைச் சுத்தம் செய்யும் என்பது. 1989-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக பி.சி. வுல்வர்ட்டன் செய்த ஆய்விலிருந்து வந்த பேச்சு இது. மூங்கில் பாம் உள்ளிட்ட செடிகளை மூடிய சிறு அறைகளுக்குள் வைத்து, பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்றவை குறைவதை அளந்தார்கள். குறைந்தது உண்மை. இந்தியாவில் இதைப் பரப்பியவர் டெல்லியின் கமல் மீட்டல். ஆளுக்குத் தோளுயர அரேக்கா நாலு வேண்டும் என்று 2009-இல் ஒரு பேச்சில் சொன்னார், அது உலகமெங்கும் போயிற்று. நம் வீடு மூடிய பெட்டி இல்லை என்பதுதான் இதில் இடறுகிறது. 2019-இல் கம்மிங்ஸ், வேரிங் என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை வந்த சோதனைகளைத் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். ஒரு கட்டடத்தில் சாதாரணமாகக் காற்று வந்துபோவது செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால், சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வரை வேண்டுமாம். பத்துக்குப் பன்னிரண்டடி அறை சுமார் 11 சதுர மீட்டர். குறைந்தபட்சக் கணக்கிலேயே 110 தொட்டி. கட்டில் போட இடம் கிடைக்காது. கஞ்சிக்கோட்டுக் காற்றடிக்கும் ஊரில் ஜன்னலைத் திறந்தால் முடிகிற வேலை அது. பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்று சொல்லி விற்றால் நான் மறுக்க மாட்டேன்.

காட்டுப் பனைகளைப் பற்றிய ஆசையையும் சொல்ல வேண்டும். இடுக்கி மலைகளின் பாறைச் சரிவுகளில் வரைக்கமுகு என்று ஒன்று உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாதது. வரை என்றால் மலை. யானைக்கு எட்டாத செங்குத்தில் மெலிந்து நிற்கும். அதன் தாவரப் பெயரில் முன்பாதி சென்னை மாகாண ஆளுநராக இருந்த பென்டிங்கினுடையது, பின்பாதி 'கொண்டபன்னா' என்கிற ஊர்ச்சொல். இதன் கன்று ஒன்றைப் பெயர்த்துக் கூடத்தில் வைக்கலாமே என்று தோன்றும். காப்புக்காட்டில் கைவைப்பது குற்றம் என்பது ஒரு பக்கம். பாறை இடுக்கில் ஓடிய வேரை அறுத்து எடுத்த கன்று தொட்டியில் தேறுவதும் அரிது. கன்றுகளைக் கண்டபடி எல்லை தாண்டிக் கொண்டுபோவதும் யோசிக்க வேண்டியது. கேரளத் தென்னையின் வேர் வாடல் நோய் கம்பம் பள்ளத்தாக்குக்கும் பொள்ளாச்சித் தோப்புகளுக்கும் இறங்கி வந்ததை அந்தப் பக்கத்து விவசாயிகள் வயிற்றெரிச்சலோடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் கூடத்தில் இப்போது அரேக்கா இல்லை. சித்தியின் பெயின்ட் வாளியிலிருந்து பிரித்துக் கொடுத்த மூன்று தண்டு லேடி பாம் வடக்கு ஜன்னலை ஒட்டி நிற்கிறது. மலையிலிருந்து வந்த முதல் ஏப்ரலில் இரண்டு ஓலையை இழந்தது, பிறகு ஊன்றிக்கொண்டது. கிழக்குக் காற்று எழும்பும் மாதங்களில் ஜன்னலிலிருந்து மூன்றடி உள்ளே தள்ளிவைக்கிறேன். துலா மழையில் நிரம்பிய ட்ரம் மாசிக்குள் அடியைத் தொடுகிறது. அப்போது மூன்று சொம்பு மழைநீருக்கு ஒரு சொம்பு போர் தண்ணீர் என்று கலக்கிறேன். எந்திரத்துக் கழிவு நீர் கழிப்பறை கழுவப் போகிறது. மே மாதக் கோடைமழை வரை இந்தக் கணக்கு இரண்டு வருஷமாகத் தாங்கியிருக்கிறது. போன வாரம் நடுத்தண்டில் விசிறி மடிப்பு பிரியாத கொழுந்து ஒன்று வந்திருக்கிறது, அதை யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.